மேஜை மேல் ராயபுரம்

அத்தியாயம் 11

"மேடம், செருப்பத் தொலச்சவங்க மாதிரி மூஞ்சிய வச்சிக்கினு வராதீங்க. நாம இப்போ கஸ்டமரு. கொஞ்சம் சிரிங்க," என்றான் உதவியாளன் டில்லிபாபு. காசிமேட்டு மீனவர் குப்பத்துப் பையன்.

துப்பறிவாளர் ஜெயஸ்ரீ சிரிக்கவில்லை. ராயபுரத்தின் அந்தச் சந்தில் ஒரு ஸ்கூட்டர் நுழைந்தால் எதிரே வருகிற ஸ்கூட்டர் பின்னால் போயாக வேண்டும். சந்து முனை டீக்கடை பெஞ்சில் செல்லம்மா உட்கார்ந்திருந்தாள். மீன் கூடை இல்லாமல் அவளைப் பார்ப்பது என்னவோ போல் இருந்தது. வர வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. யார் கண்ணிலும் படாமல் ஓரமாக இருப்பேன் என்று மாரியாத்தா மேல் சத்தியம் செய்துவிட்டு, சந்தில் இருந்த அத்தனை பேர் கண்ணிலும் பட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் மகன் ரஞ்சித் ஒன்றரை வருடமாகப் புழல் சிறையில் இருக்கிறான். கொலை வழக்கு. செத்தவன் பிராங்கிளின், ரஞ்சித்தின் உயிர்த் தோழன். இருவருக்கும் ஒரே கன்டெய்னர் யார்டில் வேலை, ஒரே கேரம் கிளப். போன வருடம் மே மாதத்தில் ஒரு காலை, கேரம் போட்டி விஷயமாகத் தெருவில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் சமாதானமாகி, வழக்கம்போலச் சரக்கு ரயில் பாதையைக் குறுக்கே தாண்டி வேலைக்குக் கிளம்பினார்கள். இன்ஜின் பின்னாலிருந்து தள்ள, வெறும் வேகன்கள் சத்தமில்லாமல் வந்தன. பிராங்கிளின் போய்விட்டான். ரஞ்சித்தின் கையில் அவனுடைய சட்டைத் துணி மட்டும் கிழிந்து வந்திருந்தது.

பிடித்து இழுத்தேன், துணிதான் வந்தது என்றான் ரஞ்சித். தள்ளிவிட்டான், என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன் என்றார் ஒரே ஒரு சாட்சி. அவர் பிராங்கிளினின் அப்பா ஸ்டானிஸ்லாஸ். வீட்டு மாடி ஜன்னலில் நின்று பார்த்தாராம். பெற்ற தகப்பன் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? ஜூலை மாதம் போலீஸ் சாவகாசமாக வந்து அதே ஜன்னலில் நின்று பார்த்தது. தண்டவாளம் பளிச்சென்று தெரிந்தது. போலீஸுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

நாளைக்கு ஸ்டானிஸ்லாஸிடம் குறுக்கு விசாரணை. அவர் சொன்னது அசையாமல் நின்றுவிட்டால் ரஞ்சித்துக்கு ஆயுள் தண்டனை நிச்சயம். வக்கீல் ஏற்கெனவே கையை விரித்துவிட்டார். ஜெயஸ்ரீயிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு நூல்தான். ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஸ்டானிஸ்லாஸ், பிள்ளை போன நாளிலிருந்து வெளியே தலைகாட்டாமல் மாடியில் குட்டி ரயில் ஊர் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெருவில் பேச்சு.

"புள்ளயப் பறிகொடுத்த மனுசன் பொம்ம ரயில் உட்டுகினு கீறாரு. இதுல இன்னா துப்பு கெடைக்கும்?"

"தெரியலை, டில்லி."

ஜெயஸ்ரீ வாயிலிருந்து அந்த வார்த்தையை டில்லிபாபு கேட்டதே இல்லை. அவன் முன்னால் போய்க் கதவைத் தட்டினான்.

கதவைத் திறந்தவர் ஸ்டானிஸ்லாஸின் மனைவி ஐரீன். மீன் கழுவிய கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே நின்றார். ஒரு ஷிப்பிங் ஆபீஸ் வரவேற்பறையில் வைக்கச் சின்னதாக ரயில் மாடல் ஒன்று வேண்டும், சென்னை மாதிரியே இருக்க வேண்டும் என்று டில்லிபாபு அளந்துவிட்டான். அவன் சொன்ன ஷிப்பிங் ஆபீஸுக்கு நாலு கப்பலும் ஒரு மார்வாடி முதலாளியும் இருந்தார்கள். ஐரீன் அதில் எதையும் நம்பினதாகத் தெரியவில்லை. இருந்தும் மாடிக்கு வழி விட்டார்.

மேஜை இரட்டைக் கட்டில் அளவு இருந்தது. அதன் மேல் சென்னை இருந்தது.

ஸ்டானிஸ்லாஸ் சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. வந்தவர்களை உட்காரச் சொல்லக்கூடத் தோன்றாத மனிதர், மாடல் எப்படிச் செய்வது என்று ஜெயஸ்ரீ கேட்டதும் மடை திறந்தாற்போல் பேச ஆரம்பித்தார். ரயில் விரல் நீளம்தான். ஆனாலும் அந்த அளவு மாறாமல் செய்தால் ராயபுரத்தில் கிளம்புகிற பாதை எண்ணூர் போய்ச் சேர்வதற்குள் மேஜையை, வீட்டை, தெருவையே தாண்டிவிடும். அதனால் ஊரை மடிக்க வேண்டும். எதை வைப்பது என்பது சுலபம், எதை விடுவது என்பதில்தான் தூக்கம் போகும் என்றார்.

"மேஜ மேல ஊர் வரணும்னா பாதி ஊரக் கொல்லணும், மேடம்."

அவர் தாராளமாகவே கொன்றிருந்தார். கொருக்குப்பேட்டையும் தண்டையார்பேட்டையும் ஒரே பிளாட்பாரத்தில் அடங்கியிருந்தன. எம்.கே.பி. நகர் மூன்று தீப்பெட்டிகள். காலடிப்பேட்டைக்கு ஒரே தெரு. சென்ட்ரல் ஸ்டேஷன் பின்பக்க அட்டையில் வெறும் சிவப்பு ஓவியம். யானைக்கவுனிப் பாலத்தை மட்டும் விட மனசு வரவில்லையாம். அது இல்லாவிட்டால் ரயில்காரன் எவனும் இதைச் சென்னை என்று ஒத்துக்கொள்ள மாட்டான் என்றார். எண்ணூர்ப் புகைபோக்கிகளில் பஞ்சைச் செருகியிருந்தார். அந்தப் புகைக்குப் பின்னால் ரயில் மறைந்து, அட்டைக்குப் பின்புறமாகச் சுற்றி, மறுபடி ராயபுரத்தில் வந்து எட்டிப் பார்த்தது. எத்தனை தடவை போனாலும் அந்த ரயிலுக்குப் போக வேறு ஊர் கிடையாது.

டில்லிபாபு மேஜையை ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கவலையோடு நின்றான்.

"சார், எங்க தெருவயே காணோம்."

"வளைவுக்கு எடம் பத்தல தம்பி. எடுத்துட்டேன்."

"கார்ப்பரேஷன்காரங்ககூட நோட்டீஸ் ஒட்டிட்டுத்தான் சார் இடிப்பாங்க."

ஸ்டானிஸ்லாஸின் உதடு லேசாக அசைந்தது. ஒரு காலத்தில் நன்றாகச் சிரித்த மனிதராக இருந்திருக்க வேண்டும். ஜெயஸ்ரீக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. வந்த வேலைக்கு அது இடைஞ்சல் என்றும் தோன்றியது.

அவள் மேஜையின் முன் விளிம்புக்கு வந்தாள். அங்கே இதே வீடு குட்டியாக நின்றது. பச்சை ஜன்னல், மாடிப்படி, வாசலில் மாதா படம்கூட இருந்தது. ஜன்னலுக்கு எதிரே ஒரு மண் திடல். திடலின் இடது ஓரம் காசிமேட்டுத் தண்ணீரைத் தொட்டது. திடலுக்கு அந்தப் பக்கம் சரக்கு ரயில் பாதை. சென்னையையே மடித்துச் சுருட்டின மனிதர் இந்த ஒரு திடலை மட்டும் மடிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். இதே இடத்தில் இன்னும் இரண்டு ஸ்டேஷன் வைத்திருக்கலாம். இடமில்லை என்று ஒரு தெருவையே அழித்தவர் இங்கே வெறும் மண்ணுக்கு அவ்வளவு இடம் கொடுத்திருந்தார்.

குட்டி வீட்டின் பின்பக்கம் திறந்திருந்தது. குனிந்து அதில் கண்ணை வைத்தால் பச்சை ஜன்னல் வழியாக வெளியே பார்க்கலாம். ஜெயஸ்ரீ பார்த்தாள். தண்டவாளத்தின் மேல் அரிசி அளவில் இரண்டு ஆட்கள் நின்றார்கள். ஒருவன் கை இன்னொருவன் முதுகில் இருந்தது. வேகன் ஒரு விரல் தூரத்தில் நின்றது.

இந்த ஊர் முழுக்க, பாலம், புகைபோக்கி, தீப்பெட்டி வீடு எல்லாம், இந்த ஒரு துளை வழியாக இந்த ஒரு காட்சியைப் பார்ப்பதற்காகக் கட்டப்பட்டிருந்தது.

"ஒரு லேஅவுட்ல, மேஜ மேல கட்டுற ஊர்ல, ஒரே நாள்தான் இருக்கணும். வெயில், நிழல், நிக்கிற வண்டி, எல்லாம் அந்த ஒரு நாளோடது. கலந்தா பொய்யாப் பூடும்," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"இது எந்த நாள் சார்?"

"எம் பையன் போன நாள். போட்டோ புடிச்சி நாளைக்கிக் கோர்ட்டுக்கு எடுத்துனு போறேன். ஜட்ஜய்யா பார்க்கட்டும்."

டில்லிபாபு அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. காசிமேட்டுத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மீன் ஏலம் விடுகிற இடம் காலியாகக் கிடந்தது. விசைப்படகுகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு கட்டிக் கிடந்தன. அவன் முகத்திலிருந்த கிண்டல் மெல்ல வடிந்தது. ஜெயஸ்ரீயின் முழங்கையைத் தொட்டு, கடல் பார்க்கிற சாக்கில் நிஜ ஜன்னலுக்கு அழைத்துப் போனான்.

வெளியே நவம்பர் மழை தூறிக்கொண்டிருந்தது. நிஜத் திடல் வெறுமையாக, குட்டை தேங்கிக் கிடந்தது. அதற்கப்பால் தண்டவாளம் ஈரத்தில் மின்னியது.

"மேடம், மே மாசம்னா தடக்காலம். ஒருத்தனும் கடலுக்குப் போவ மாட்டான். படகெல்லாம் துறைல தூங்கும். ஆனா பாதிப் படகு தண்ணில இருக்காது. மராமத்து பாக்கக் கரைல ஏத்திடுவாங்க." அவன் ஜன்னலுக்கு வெளியே காட்டினான். "இந்தத் திடல்லதான் ஏத்துவாங்க."

"ஏத்தின படகு எவ்வளவு உயரம் இருக்கும்?"

"கட்டைய முட்டுக் குடுத்து நிக்க வச்சா இந்த ஜன்னலுக்கு மேல கேபின் நிக்கும். அதுக்குப் பின்னால ஆனையே போனாலும் தெரியாது."

போலீஸ் ஜூலையில் வந்தது. ஜூலையில் படகுகள் எல்லாம் கடலுக்குத் திரும்பிவிட்டன. திடல் காலியாக இருந்த மாதத்தில் நின்று பார்த்துவிட்டு, திடல் நிறைந்திருந்த மாதத்துக்குச் சாட்சி எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இவ்வளவு நாளும் இதை ஏன் சொல்லவில்லை என்று அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"அது அரசாங்க எடம் மேடம். படகு ஏத்தவே கூடாது. ஆனா எல்லாரும் ஏத்துவாங்க, எங்கப்பாரு உள்பட. யார் வந்து கேட்டாலும், அங்க எப்பவும் காலிதான் சார்னு சொல்லணும். சின்ன வயசுலேர்ந்து அதச் சொல்லிச் சொல்லி எனக்கே அது காலின்னு ஆயிப்போச்சு."

குப்பத்தில் யாராவது ஒருவர் கோர்ட்டில் வந்து சொல்வாரா என்று கேட்டாள். ரஞ்சித்தின் சொந்தச் சித்தப்பாவே சொல்ல மாட்டார் என்றான். சொன்னால் இடம் போகும், அடுத்த தடைக்காலத்தில் படகை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஒரு போட்டோகூடவா இருக்காது என்றாள். தப்பு செய்கிற இடத்தில் எவன் போட்டோ எடுப்பான் என்று திருப்பிக் கேட்டான். ரஞ்சித்தே ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. அவனும் அந்தக் குப்பத்துப் பிள்ளைதான். தண்டவாளத்தில் நின்றவன் ஜன்னலைப் பற்றி யோசித்திருக்கவும் மாட்டான்.

ஆக, அந்தப் படகுகளைக் கோர்ட்டுக்குக் கொண்டுவர இந்த உலகத்தில் ஒரே ஒருவரால்தான் முடியும். அவர் எண்ணூர்ப் புகைபோக்கியில் பஞ்சைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

ஜெயஸ்ரீ மறுபடி மேஜையில் குனிந்தாள். குட்டித் திடலை விரலால் தடவினாள். மண் தூவியிருந்ததற்குக் கீழே பசை காய்ந்த தடம் இருந்தது. நீளமாக, இரண்டு முனையும் கூம்பி, படகின் அடிப்பாகம் மாதிரி. பக்கத்தில் இன்னொன்று. அதை யாரோ நெம்பி எடுத்திருந்தார்கள், பலகை பிளந்திருந்தது. நெம்பின இடத்தில், பழைய பசையில் ஒட்டிக்கொண்டு, வட்டமாக ஏதோ பளபளத்தது. நகத்தால் கிள்ளி எடுத்தாள்.

கொடுவா மீன் செதில்.

ஸ்டானிஸ்லாஸின் கத்திகள் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தன. டாக்டர் வீட்டுக் கத்தி மாதிரி சுத்தம். அவற்றில் எதற்கும் மீனோடு சம்பந்தம் இருக்க வழியில்லை.

"சார், இந்த இடத்துல ஏதோ வச்சு எடுத்த மாதிரி இருக்கே?"

"அங்க எத ஒட்டுனாலும் நிக்க மாட்டேங்குது. உட்டுட்டேன்," என்றார் அவர். அந்தத் திடலைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

ரயில் ஓடுகிற விதத்தைக் கேட்டு அவரைப் பேச்சில் பிடித்து வைக்கும்படி டில்லிபாபுவுக்கு ஜாடை காட்டிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி ஜெயஸ்ரீ கீழே இறங்கினாள். சமையலறையில் ஐரீன் கொடுவாவை வெட்டிக்கொண்டிருந்தார். ஜெயஸ்ரீ செதிலை மேடை மேல் வைத்தாள்.

ஐரீன் அதைப் பார்த்தார். பிறகு கையைக் கழுவினார், ரொம்ப நேரம் கழுவினார்.

"வெளிய செல்லம்மா ஒக்காந்துனு கீறாளே, அப்பவே தெரியும் நீங்க யாருன்னு," என்றார்.

சமையலறை அலமாரியில் மாதா படத்துக்குப் பின்னாலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே சின்னச் சின்ன விசைப்படகுகள். நீல உடம்பு, கேபின், கொடிக்கம்பு எல்லாம் அச்சாக இருந்தன. ஸ்டானிஸ்லாஸ் செய்து செய்து ஒட்டினாராம், ஐரீன் ஒவ்வொரு தடவையும் மீன் கத்தியால் நெம்பி எடுத்து ஒளித்து வைத்தாராம். பசை சரியில்லை என்று அவரும் விட்டுவிட்டாராம். அன்றைக்கு அலறல் கேட்டபோது ஐரீன்தான் முதலில் ஜன்னலுக்கு ஓடினார், ஸ்டானிஸ்லாஸ் பின்னாலேயே ஓடி வந்தார். ஜன்னலுக்கு வெளியே இரண்டு படகுகளின் பக்கவாட்டுப் பலகை தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை.

"அப்புறம் ஏன் இத்தனை நாள்..."

"அவுரு பார்த்தேன்னு சொன்னாரு. சொன்ன அன்னிக்கிதான் ஒரு வாய் சோறு துன்னாரு. அதுக்கு மின்ன அதே தண்டவாளத்துக்குப் போறேன்னு ரெண்டு வாட்டி கெளம்புனவரு. ரஞ்சித் மேல கோவம் இருக்கறவரைக்கும் இவுரு இருப்பாரு. புள்ளயக் குடுத்துட்டேன், மேடம். இவரயும் குடுக்கச் சொல்றீங்களா?"

ஜெயஸ்ரீ டப்பாவைப் பார்த்தாள். ஐரீனே டப்பாவிலிருந்து இரண்டு படகுகளை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். ரஞ்சித் இந்தச் சமையலறையில் உட்கார்ந்து எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறான் என்றார். என்னால் வைக்க முடியாது, நீங்கள் வையுங்கள் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த ஒரு நிமிடம்தான் இந்த வழக்கில் ஜெயஸ்ரீக்கு நம்பிக்கை என்று ஒன்று இருந்தது. அவள் இரண்டிரண்டு படியாக மாடி ஏறினாள்.

மாடியில் ரயில் யானைக்கவுனிப் பாலத்துக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. ஜெயஸ்ரீ தான் யார் என்று சொன்னாள். ஷிப்பிங் ஆபீஸ் பொய் என்றும் சொன்னாள். ஸ்டானிஸ்லாஸ் கோபப்படவில்லை. அவள் கையில் இருந்த படகுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவற்றைப் பசைத் தடத்தின் மேல் வைத்தாள். அடிப்பாகம் தடத்தில் அப்படியே பொருந்தி உட்கார்ந்தது.

"ஒரு லேஅவுட்ல ஒரே நாள்தான் இருக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க சார். இதுதான் அந்த நாள். இப்போ ஒரு தடவை பாருங்க."

அவர் ரயிலை நிறுத்தினார். முழங்காலில் கையை ஊன்றி, சிரமப்பட்டுக் குனிந்து, குட்டி வீட்டின் பின்னால் கண்ணை வைத்தார். ஐரீன் படியில் வந்து நின்றார்.

ஸ்டானிஸ்லாஸ் அசையவில்லை. முதுகு ஒரு தடவை குலுங்கியது. அழுகிறார் என்று ஜெயஸ்ரீ நினைத்தாள். அழட்டும், அழுது முடித்தால் சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். நாளைக்குக் கூண்டில் நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், படகு இருந்தது, எனக்குத் தெரியவில்லை என்று.

அவர் நிமிர்ந்தார். கண்ணில் ஈரம் இல்லை.

"தெரியுது," என்றார். "ரெண்டு பேரும் நல்லாத் தெரியறாங்க. அவன் கை எம் புள்ள முதுகுல கீது."

"சார், குறுக்கே படகு இருக்கு சார்."

"நாளைக்கும் இதான் சொல்வேன். நீங்க போய் வாங்க, மேடம்."

சொன்னதில் கோபமும் இல்லை, குழப்பமும் இல்லை. ஜெயஸ்ரீ இந்தத் தொழிலில் எத்தனையோ பொய்யை உடைத்திருக்கிறாள். பொய் என்று தெரிந்தே அதை ஒருவர் இவ்வளவு இறுகக் கட்டிப்பிடித்திருந்தால் உடைப்பதற்கு ஒரு வழியும் அவளுக்குத் தெரியவில்லை. டில்லிபாபு எதையோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் தோளைத் தொட்டுத் தடுத்தாள்.

பாதிப் படி இறங்கும்போது மேலேயிருந்து அவர் குரல் கேட்டது. அதட்டல் இல்லை, வீட்டில் தினமும் கூப்பிடுகிற குரல்தான்.

"ஐரீன், அந்த மீன் கத்தியக் கொண்டா. இந்தப் படகு மறைக்குது."

ஐரீன் சமையலறைக்குள் போனார். மேடை மேலிருந்த கத்தியை எடுத்துக்கொண்டு, இவர்களைப் பார்க்காமல், மாடி ஏறினார்.

மழை வலுத்திருந்தது. செல்லம்மா பெஞ்சிலிருந்து எழுந்து, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, நடுச் சந்துக்கே வந்து நின்றாள். எப்படிச் சொல்வது என்று ஜெயஸ்ரீ யோசித்துக்கொண்டிருக்கும்போதே டில்லிபாபு முன்னால் போய்விட்டான். அவர் மாத்திச் சொல்ல மாட்டேன்னுட்டாரு யக்கா என்று சுற்றி வளைக்காமல் சொன்னான். அங்கே படகு ஏற்றியிருந்தது என்று குப்பத்தில் யாரையாவது சொல்ல வைக்கப் பார்க்கிறேன், நானே வந்து சொல்கிறேன் என்றான். செல்லம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தத் திடலில் யார் யார் படகு ஏறும் என்பது அவளுக்கும் தெரியும். அவர்கள் யாரும் வரமாட்டார்கள் என்பதும், இவன் அப்பா இவனை விடமாட்டார் என்பதும் தெரியும். அவளே ஒன்றரை வருடமாக அது காலி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் மாடியின் பச்சை ஜன்னலை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஜெயஸ்ரீயிடம் திரும்பினாள்.

"நாளைக்கிக் கோர்ட்டுக்கு எத்தினி மணிக்கிம்மா வரணும்?" என்று கேட்டாள். "மின்னாடியே வந்துட்டா, போலீஸ் வேன்லேர்ந்து எறக்குறப்போ அவனப் பாக்க வுடுவாங்க."